சீலிங் தேவகி

செய்தி ஒரு புதன்கிழமை காலை வந்தது. ஈப்போவை அடுத்த லகாட்டில் ஒரு பல் மருத்துவரின் புதிய கிளினிக்குக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நாடாவின் ஒரு முனை என் கையில், மறுமுனை மருத்துவர் கையில். கைப்பேசி அடித்தது. ஈப்போவில் சீலிங் பலகையும் இரும்புச் சட்டமும் விற்கும் ஆ கியோங். எடுத்தவுடன் கத்திப் பேசுகிறவர் அன்று குரலை இறக்கியிருந்தார். "நாச்சி," என்று வழக்கம்போல் என் பெயரைச் சுருக்கி அழைத்து, "தேவகி சுடா தக் அடா," என்றார். தேவகி இல்லை. மலாய் மொழியில் அந்தச் சொற்களுக்கு, இடத்தில் இல்லை, உயிரோடு இல்லை என்று இரண்டு பொருளும் உண்டு. நான் எளிதானதை எடுத்துக்கொண்டேன். வேலை இடத்தில் இல்லையென்றால் உன் கடைக்குத்தான் வந்துகொண்டிருப்பார், கொஞ்சம் பொறு என்று அவருக்கே பதில் சொன்னேன்.  அவர் அதையே மறுபடியும், இன்னும் மெதுவாகச் சொன்னார்.

வேலைக்குக் கிளம்பி, புந்தோங் வீட்டு வாசற்படியில் காலணி மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது. என் வயதுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் தொழில்காரர்கள். மீதிப் பேர் எங்களிடம் வீடோ கடையோ கட்டிக்கொண்டவர்கள். உங்கள் எல்லாருக்கும் அவர் 'சீலிங் தேவகி'. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. தொலைபேசியை எடுத்தால் அவரும் "ஆ, சீலிங் தேவகி பேசுறேன்" என்றுதான் சொல்வார். உள் அலங்கார வேலையில் பதினாறு ஆண்டுகள் அவருடன் பழகினேன். அதில் பதினான்கு மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பதினான்கு மாதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும்.

முதலில் சந்தித்தது ஈப்போ நகரத்தில் ஒரு பழைய கடைக்குள். அதைப் புடவைக் கடையாக்க நான் வரைபடம் போட்டிருந்தேன். நடுவில் அலையலையாக இறங்கும் பிளாஸ்டர் சீலிங், அதன் ஓரத்தில் ஒளிந்திருக்கும் விளக்கு. அப்போது எனக்கு அந்த அலைகள் மீது பெரிய மோகம். சீலிங் வேலைக்கு ஆ கியோங் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சின்ன லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தபோது, வேலையைக் குத்தகைக்கு எடுத்தவரின் மனைவி போலிருக்கிறது, அவர் பின்னால் வருவார் என்று நினைத்தேன். பின்னால் ரவி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரவி அவரிடம் வேலை செய்பவர்.

தேவகி என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு அண்ணே. இதுக்கு மேல என்னா இருக்கு?"

"மேல பழைய சீலிங் இருக்கு. அப்படியே விட்டுட்டு அதுக்குக் கீழ புதுசு போடலாம்."

"அந்தப் பழைய சீலிங்குக்கு மேல?"

எனக்குத் தெரியவில்லை. அவர் ஏணியில் ஏறினார். பழையது, அலுவலகங்களில் பார்க்கிறோமே, இரும்புச் சட்டத்தில் வெள்ளைச் சதுரப் பலகைகளை வெறுமனே உட்கார வைத்த வகை. ஒன்றை மெல்லத் தூக்கித் தள்ளிவிட்டு, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். உடனே கீழே இறங்கிவிட்டார். "ரவி, ஃபேன நிறுத்து. எல்லாரும் வெளிய வாங்க. யாரும் எதையும் தட்டாதீங்க."

மேலே கல்நார்த் தகடுகள். அஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பல இடங்களில் உடைந்து தூசியாகக் கொட்டியிருந்தது. என் அலைகளைத் தொங்கவிட நாங்கள் துளை போட்டிருந்தால், அந்தத் தூசி எங்கள் எல்லாருடைய நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும். அதை எடுக்க உரிமம் பெற்ற ஆட்கள்தான் வரவேண்டும், அதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார். கடைக்கார அம்மாவுக்குக் கோபம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

"கடைய ரெண்டு வாரம் கழிச்சுத் தொறந்தா சேலை கெட்டுப்போகாது அக்கா," என்றார் தேவகி. "அந்தத் தூசி உள்ள போச்சுன்னா திரும்ப வெளிய வராது. நாளைக்கு உங்க கடையில பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து சேலை பாப்பாங்க."

அந்த அம்மா திறப்பு விழாவைத் தள்ளிவைத்தார். கல்நாரை எடுத்த பிறகு அதற்கும் மேலே ஒன்று இருந்தது. நீளநீளமான மரப்பலகைகளை ஒன்றோடொன்று கோத்த பழைய மரச்சீலிங். இரண்டு மறைப்புகளுக்கு மேல் அத்தனை காலம் யாரும் பார்க்காமல் இருந்திருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கரையான், மற்றபடி உறுதி. கடைக்கார அம்மாவே அண்ணாந்து பார்த்து, "இத ஏன் மூடணும்?" என்று கேட்டார். என் அலைகள் அன்றோடு முடிந்தன. தேவகி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "மேல பாக்காம கீழ வரையாதீங்க அண்ணே," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அடுத்த வேலைக்கும் அவரையே கூப்பிட்டேன்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த விதத்தைப் பல பேர் பலவிதமாகச் சொல்வார்கள். அவர் சொன்னதை நான் சொல்கிறேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டினவர். தேவகி ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தார். சீலிங் போட்டது அவர் கணவர் குணசேகரன். ஒரு சங்கக் கட்டடத்தின் மண்டபத்தில் வேலை பாதியில் இருக்கும்போது குணா சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இனி கோலூன்றி நடக்கலாம், ஏணி ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மண்டபத்தில் பாதிச் சீலிங் வெள்ளையாக இருந்தது. மீதிப் பாதியில் கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சங்கத்தார் சொன்னார்கள். தேவகி தொழிற்சாலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, குணாவுக்கு உதவியாளாக இருந்த ரவியோடு போய் நின்றார். தினமும் மாலையில் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து குணாவிடம் கேட்டுக்கொள்வார். மறுநாள் காலை அதைச் செய்வார். ஒன்றரை மாதத்தில் முடித்தார். அவ்வளவு உயரத்தில் பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"பயந்தேன். அழுதுகிட்டே திருகாணி முடுக்கினேன். ஆனா அண்ணே, அந்தப் பாதிச் சீலிங்கப் பாக்குறவங்களுக்கு அவரு விழுந்ததுதான் ஞாபகம் வரும். முழுசா முடிச்சிட்டா அது வெறும் சீலிங்."

தொழிற்சாலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. குணா வீட்டில் சமையலை எடுத்துக்கொண்டார். அவர் கட்டிக் கொடுக்கும் நெத்திலி சம்பலுக்காகவே, தேவகி வேலை பார்க்கும் இடத்துக்கு மதிய நேரமாகப் பார்த்து மேற்பார்வையிடப் போவேன். இது அவருக்குத் தெரியும். "அண்ணே அளவெடுக்க வந்துட்டாரு, ரவி, இன்னொரு தட்டு எடு" என்பார்.

இனி அந்தப் பதினான்கு மாதம்.

கலைவாணி டீச்சர் தம் பாலர் பள்ளியைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றினார். உள்வேலை முழுவதும் என்னுடையது. பிள்ளைகள் பாட்டுப் பாடும் அறைக்கு இணைப்பே தெரியாத நீலநிற பிளாஸ்டர் சீலிங், அதிலிருந்து தாழ இறங்கும் மூன்று வெள்ளை மேகங்கள். அந்த வரைபடத்தை வீட்டில் என் மனைவிக்குக்கூடக் காட்டிப் பெருமைப்பட்டேன். தேவகி வந்தார், ஏணி ஏறினார், இறங்கினார்.

"மேலே ஏர்கான் பைப்பு போகுது. மாடித் தண்ணிக் குழாயும் அங்கதான் வளையுது. இங்க சதுரப் பலகைதான் அண்ணே போடணும். கசிஞ்சா ஒரு பலகை மஞ்சளாகும், கண்ணுக்குத் தெரியும், அத எடுத்துட்டு வேற மாத்திடலாம். இப்படி முழுசா மூடினா தண்ணி உள்ளேயே நிக்கும். யாருக்கும் தெரியாது."

"அது கிளினிக் மாதிரி இருக்கும் தேவகி. பிள்ளைங்க எடம்."

"பிள்ளைங்க எடம்தானே சொல்றேன்."

"கசிஞ்சா பாத்துக்கலாம்."

"எப்படிப் பாப்பீங்க? கதவு வைக்க எடம் விட்டிருக்கீங்களா? ஒரு கை உள்ள போக வழி இருக்கா?"

மேகத்தின் நடுவே ஒரு சதுரக் கதவா என்று எனக்கு எரிச்சல் வந்தது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். "நீ போடுற வேலைய மட்டும் பாரு. வரையிறது என் வேலை." ரவியும், இரண்டு எலக்ட்ரிக்காரர்களும் பக்கத்தில் நின்றார்கள். தேவகியின் முகம் மாறவில்லை. ஏணியை மடக்கினார். "அப்ப இது என்னால ஆகாது அண்ணே. வேற ஆளப் பாருங்க." வேறு ஆளைப் பார்த்தேன். மேகங்கள் வந்தன. திறப்பு விழாவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். தேவகியை நான் அழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் அழைக்கவில்லை. ஆ கியோங் கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, எட்டரை மணிக்கு டீச்சரின் அழைப்பு. "அண்ணே, சீலிங் வயிறு மாதிரி தொங்குது. ஓரத்துல சொட்டுது."

நான் அங்கே போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும். மேகம் போட்ட ஆளை அழைத்தேன், எடுக்கவில்லை. என் விரல் தானாகத் தேவகியின் எண்ணுக்குப் போனது. அவர் நலம் விசாரிக்கவில்லை, என்ன சங்கதி இத்தனை நாள் கழித்து என்று கேட்கவில்லை.

"பிள்ளைங்க எங்க?"

"உள்ளதான் இருக்காங்க."

"டீச்சர் நம்பர அனுப்பிட்டுப் போன வைங்க."

பிறகு டீச்சர் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். பை வேண்டாம், செருப்பு வேண்டாம், பிள்ளைகளை வரிசை கட்டக்கூட வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் இப்போதே வெளியே கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் எங்கோ வேலையில் இருந்ததால் எனக்கு முன்பே வந்துவிட்டார். நான் போய் இறங்கியபோது இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளியே மாமர நிழலில் வெறுங்காலோடு உட்கார்ந்து உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தேவகி வாளியும் நீளமான கம்பும் வைத்துக்கொண்டு நின்றார். கம்பின் முனையில் திருப்புளியைக் கட்டியிருந்தார்.

"எட்ட இருந்து ஓட்ட போட்டுத் தண்ணிய எறக்கிடலாமான்னு பாக்குறேன்," என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடு மேகம் இறங்கியது. இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு முழுவதும், தண்ணீரும் பிளாஸ்டரும் இரும்புமாக, பிள்ளைகள் உட்கார்ந்து பாடும் பாயின் மேல் விழுந்தது. கதவு வரை தெறித்தது. வெளியே பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தேவகி என் கையைப் பிடித்து வாசற்படியில் உட்கார வைத்தார். கலைவாணி டீச்சர் வெளிறிப்போய் வந்தார். "யாரு தப்பு இது? யாரு இப்படிப் போட்டது?" என்று கேட்டார். வேலை செய்த குத்தகையாளர் பெயரை நான் சொல்லியிருக்கலாம். அவர்தான் போட்டார் என்பது உண்மையும்கூட. தேவகியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தண்ணீர் கொண்டு வர உள்ளே போனபோதுதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா அது குத்தம் சொல்றது. நீங்க சொன்னாத்தான் சரி பண்ண முடியும்."

சொன்னேன். தேவகி வேண்டாம் என்றதை, நான் கேட்காததை, அவர் கேட்ட கதவை நான் வைக்காததை, எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் வெகுநேரம் என்னைத் திட்டினார். திட்டி முடித்து, "இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாம நிக்கிறீங்களே," என்று தேவகியையும் திட்டினார். அதற்குத்தான் தேவகி அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

மறுபடியும் போட்டபோது சதுரப் பலகைதான். நீலத்தைச் சுவருக்குக் கொண்டு வந்தோம். மூன்று வயதுப் பையன் ஒருவன் மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டேன் என்று அழுதான், மேலே பேய் இருக்கிறதாம். தேவகி ஒரு பலகையைத் தள்ளிவிட்டு அவனை ஏணியின் மூன்றாவது படியில் நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் டார்ச்சைக் கொடுத்தார். "பாத்துச் சொல்லு. என்னா இருக்கு?"

"பைப்பு."

"அப்புறம்?"

"வயரு."

"பேயி?"

"இல்ல."

"நீயே பாத்துட்ட. போய் எல்லாருக்கும் சொல்லு." எல்லாப் பிள்ளைகளும் அதன்பிறகு வரிசையில் நின்றார்கள். அன்று பாடம் நடக்கவில்லை. கடைசியில் டீச்சரும் ஏறிப் பார்த்தார்.

அவரோடு நான் செய்த கடைசி வேலை ஒரு முதியோர் இல்லம். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஈப்போவில் எல்லாரும் கேலி செய்வார்கள், அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால். "நான் தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்கேன் அண்ணே, சிரிக்காதீங்கலா, வாங்க" என்று தொலைபேசியில் சொன்னார். நான் போனபோது அவர் ஒரு காலிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று பதறினேன். "நீங்களும் பக்கத்துக் கட்டில்ல படுங்க," என்றார். படுத்தேன். விளக்கு நேராக என் கண்ணில் குத்தியது.

"பாத்தீங்களா? நாம நின்னுகிட்டுப் பாக்குறோம். இவங்க படுத்துகிட்டுப் பாக்குறாங்க. கண்ண மூடினாலும் உள்ள வெளிச்சம் அடிக்குது. இவங்களுக்குச் சுவரெல்லாம் முக்கியமில்ல. பொழுது பூரா சீலிங்தான்."

மூன்றாவது கட்டிலில் முத்தையா என்ற பெரியவர். முன்பு லாரி ஓட்டியவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "எட்டு வருசமா நான் இதத்தான் பாக்குறேன்," என்று பேச்சில் கலந்துகொண்டார். மேலே மஞ்சள் கறை ஒன்று இருந்தது. பழைய சீலிங்கை அப்படியே வைத்துக் கீழே புதிதாகப் போட்டு மூடிவிடலாம் என்பது நிர்வாகத்தின் எண்ணம். தேவகி பெரியவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கறை மொதல்ல எங்க வந்துச்சு?"

"அந்த மூலையில. தட்டு அளவுதான் இருந்துச்சு. அப்புறம் ஃபேன் பக்கம் நகர்ந்துச்சு. காத்தோட மழை அடிச்சாத்தான் பெருசாகும். நேரா பெஞ்சா ஒண்ணுமில்ல."

"எந்தப் பக்கக் காத்து?"

பெரியவர் யோசித்துக் கையைக் காட்டினார். தேவகி ரவியைக் கூரைக்கு அனுப்பினார். இரண்டு கூரைகள் சேரும் வாய்க்காலில் தகடு விலகியிருந்தது, பெரியவர் கை காட்டிய பக்கமே. நிர்வாகி ஆச்சரியப்பட்டார். "இவரு எட்டு வருசம் பாத்திருக்காரு, நாம யாரும் கேக்கல," என்றார் தேவகி. புதுச் சீலிங்கில் விளக்குகளைக் கட்டில்களுக்கு நேர் மேலிருந்து நடைபாதைக்கு மேலே நகர்த்தினோம். பலகையில் எது வேண்டும் என்று நான்கு மாதிரிகளை அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கட்டிலிலும் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். முத்தையா வழவழப்பான வெள்ளையை வேண்டாம் என்றார். சொரசொரப்பாக, சிறு குழிகள் சிதறிக் கிடந்ததைத் தேர்ந்தெடுத்தார். "வெறும் வெள்ளையா இருந்தா எங்க கண்ண வைக்கிறதும்மா?"

பாதி அறை முடிந்திருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை.

தகனம் முடிந்த மறுநாளே ரவி வேலைக்குப் போய் நின்றார். யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் முடித்தார். அது முடிவதற்கு முன் ஒருநாள் நான் போனபோது முத்தையா கேட்டார், "அந்தப் பொண்ணு வரல?" நிர்வாகி என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் அருகில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். பெரியவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு கைப்பட வச்சது எது வரைக்கும்?" என்று கேட்டார். ரவி ஏணியிலிருந்தபடியே ஒரு வரிசையைத் தொட்டுக் காட்டினார். பெரியவரின் தலைக்கு நேர் மேலே இருந்த வரிசை அதற்கு இந்தப் பக்கம், தேவகி முடித்த பக்கம்தான். "அப்ப சரி," என்றார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் புந்தோங் வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்த அன்றைய கூட்டத்திலும் அழுகையிலும் நான் எதையும் கவனிக்கவில்லை. கருமாதிக்கு வந்திருந்தவர்களுள் சிலர் கூடத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நானும் பார்த்தேன். கூடத்தின் சீலிங் ஒரே மாதிரி இல்லை. வாசல் பக்கம் பிளாஸ்டர், அடுத்து பிளாஸ்டிக் பட்டைகள், அடுத்து சிமென்டுப் பலகை, பிறகு மரம், பிறகு இரண்டு மூன்று வகைச் சதுரப் பலகைகள். தையல்காரர் வீட்டுத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை போல இருந்தது. அவர் உயிரோடு இருந்த அந்தப் பதினாறு ஆண்டுகளில் இந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போதும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன், அவர் வெளியே வருவார்.

குணசேகரன் கோலூன்றி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் அவ சோதன பண்ணிப் பாக்குறது அண்ணே. கூரையில அங்கங்க வேணும்னே ஒழுக விட்டிருக்கா. எந்தப் பலகை வந்தாலும் மொதல்ல எங்க வீட்லதான் போடுவா. மூணு மழைக்காலம் தாங்கினாத்தான் அடுத்தவங்க வீட்டுக்குப் போடுவேன்னு சொல்லுவா. எனக்குத்தான் ஒரு வீட்ல ஒரு மாதிரி சீலிங் இல்லன்னு வெக்கமா இருக்கும். யாரையும் உள்ள கூப்பிட மாட்டேன்."

"எல்லாம் தாங்கிடுச்சா?"

"ரெண்டு தாங்கல. கழட்டி வீசிட்டா." கோலை உயர்த்தி, சமையலறைக்குப் போகும் வழியின் மேலே ஒரு வெளிர்பச்சைப் பலகையைக் காட்டினார். "அது மூங்கில் நாருல செஞ்சதாம். ஆ கியோங் கொண்டாந்து குடுத்தாரு. அதுதான் கடைசியா போட்டது. ரெண்டு மழைக்காலந்தான் பாத்திருக்கு."

பெண்கள் பந்திக்கு அழைத்தார்கள். அவர் நகரவில்லை.

"ஆ கியோங் தினம் கேக்குறாரு, வாங்கி அடுக்கலாமா வேணாமான்னு. அவ சொல்லாம எப்படிச் சொல்றது? எனக்கு ஏணி ஏற முடியாது. ரவி ஏறுவான், ஆனா அவன் அவ மேல இருக்குற பாசத்துல நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்." என் முகத்தைப் பார்த்தார். "வருசக் கடைசி மழை விட்டதும் நீங்க வந்து பாக்குறீங்களா அண்ணே?"

வருகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, சாப்பிட வாங்க என்று முன்னால் நடந்தார்.

தேவகி எனக்கு விட்டுப்போனவை பல. அவர் சொன்ன சொற்களை நான் என் அலுவலகத்தில் என் சொற்கள் போலவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் என்னிடம் பாக்கி இருப்பது எது என்று கேட்டால், ஒரு மழைக்காலம் இருக்கிறது என்பேன். அது முடிந்ததும் புந்தோங்குக்குப் போய், ஏணியில் ஏறி, அந்த வெளிர்பச்சைப் பலகையின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் இறங்கி வந்து குணாவிடம் சொல்ல வேண்டும். ஊறியிருந்தாலும் சொல்ல வேண்டும்.